நனைந்த விறகு

"என்னம்மா, இந்த வீட்டுல சமையல் வாசமே இல்ல?" என்று பூரணியின் அம்மாவிடம் கேட்டான் சுமன்.

சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த பூரணியின் விரல்கள் நின்றன.

அவன் குறையாகக் கேட்கவில்லை. மணத்தைப் பற்றிப் பேசுவது இருவருக்கும் தொழில். பாலூட்டிகளின் மூக்கில் மணம் உணரும் நரம்புக் கலங்கள் எப்படிப் புதிதாக உருவாகின்றன என்று கண்டியில் ஆராய்கிறார்கள். அதற்காகத்தான் காலையிலிருந்து அக்கரப்பத்தனைத் தேயிலை மலையில் மூஞ்சூறு பிடித்தார்கள். மழை வலுத்ததும் சாப்பாட்டுக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த பூரணியின் வீட்டுக்கு வந்தார்கள். வருவதாக அவள் அம்மாவுக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

அம்மா எவ்வளவோ சொல்லியும் சுமன் மூஞ்சூறுக் கூண்டை உள்ளே கொண்டுவரவில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில், சாரல் படும் ஓரத்தில் வைத்துவிட்டான்.

"இது நாறும்மா. சாயங்காலம் பஸ்ஸுல பாருங்க, ஒருத்தரும் எனக்குப் பக்கத்துல உக்கார மாட்டாங்க. முழு சீட்டும் எனக்குத்தான்."

அம்மா சிரித்தாள்.

"வெறகு நனைஞ்சி போச்சு தம்பி. அதான் கடையில சோறு வாங்கிட்டேன்."

பூரணி அடுப்பைப் பார்த்தாள். பொட்டுச் சாம்பல் இல்லை. மெழுகிக் காயவிட்டிருந்தது. கரி படிந்திருந்த சுவரில் புதுச் சுண்ணாம்பு.

விறகை அவள் வரும்போதே பார்த்திருந்தாள். பக்கத்து வீட்டு இஸ்தோப்பில், கூரைக்குக் கீழே, நன்றாகக் காய்ந்த கட்டுகள். கட்டியிருந்தது அம்மாவின் பழைய சேலைக் கிழிசல்.

அம்மாவின் தலைமுடியும் ஈரமாக இருந்தது. இந்தக் குளிரில் தலைக்குக் குளித்திருக்கிறாள்.

சுமன் சோற்றைப் பிசைந்தபடி ஆராய்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தான். மூக்குக்குள் வாசம் பிடிக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே இருக்கும், புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும் என்றான். மூஞ்சூறுக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அப்ப பழைய வாசமெல்லாம் மறந்துருமா தம்பி?"

அந்தக் குரலில் இருந்த ஆசை பூரணிக்கு மட்டும் கேட்டது.

தீபாவளிக்கு வந்திருந்தபோது, பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா கட்டிப்பிடிக்க வந்தாள். "தள்ளி நில்லும்மா, ஒன் மேல பொக நாத்தம். என் உடுப்புல ஒட்டிக்கும்" என்று பூரணி சொன்னாள். சொன்னதைக் கண்டி போய்ச் சேர்வதற்குள் மறந்தும் போனாள்.

"மறக்காதும்மா" என்றான் சுமன், நல்ல கேள்வி கேட்கப்பட்ட மகிழ்ச்சியில். "புதுசா முளைக்கிற நரம்பும் பழசு இருந்த எடத்துலயேதான் போய்ச் சேரும். சின்ன வயசுல பழகுன வாசம் லேசுல போகாது."

அம்மா தலையாட்டினாள். பூரணியின் பக்கம் திரும்பவில்லை.

பிறகு தன் சோற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சேலையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, மகள் மேல் படாமல் சுவரோரமாக நடந்து வெளியே போனாள். மூஞ்சூறுக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

உள்ளே கூப்பிட்டால், அம்மா ஏன் வெளியே போனாள் என்று சுமன் கேட்பான்.

பூரணி கூப்பிடவில்லை.