அடிக்கல் கட்டிய வீடு

குடிசைகளை இடித்துத் தரைமட்டமாக்கிய மைதானத்தில் ஓர் அடிக்கல் நின்றது. குடிசைக்காரர்கள் எதிரே தகரக் கொட்டகையில் காத்திருந்தார்கள். 'ஏழைகளுக்கு நானூறு வீடுகள்' என்று அடிக்கல்லின் மார்பில் பொறித்திருந்தது. அத்தனை வீட்டுப் பாரத்தையும் நாம்தானே தாங்கப்போகிறோம் என்று ஏழு வருஷமாக அது விறைத்துக்கொண்டே நின்றது.

அதன்மேல் முதுகு சொறிய வரும் செவலைப் பெட்டை நாயிடம், "நிதி வந்துக்கிட்டே இருக்கு" என்று தினமும் சொல்லும்.

"வரட்டும்ண்ணே" என்று நாயும் சொறிந்துகொள்ளும்.

ஆட்சி மாறியது. பந்தல் போட்டு, மாலை போட்டு, பக்கத்திலேயே இன்னொரு கல்லை நட்டார்கள். அதிலும் அதே நானூறு வீடுகள். நட்டவர் பெயர்தான் வேறு.

"எனக்கு நிதி ஒதுக்கியாச்சு, தெரியுமில்ல?" என்றது புதுக்கல்.

"எனக்கும் அப்படித்தான் ஒதுக்கினாங்க, தம்பி."

அடுத்த மழையில் மண் இளகி, பழைய கல் சரிந்து புதுக்கல்லின் தோளில் சாய்ந்தது. மானம் போயிற்றே என்று அது கண்ணை மூடிக்கொண்டது.

விடிந்ததும் அடியில் கீச்சுக் குரல்கள். இரண்டு கல்லுக்கும் நடுவே, நனையாத இடத்தில், நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது.

அடிக்கல்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏழு வருஷம் விறைப்பா நின்னேன், ஒரு செங்கல்கூட வரலை. கவுந்து விழுந்தேன், ஒரு குடும்பமே குடிவந்துடுச்சு!"

குட்டிகளை நக்கியபடியே நாய் கேட்டது: "அண்ணே, அடுத்த கல்லு எப்ப நடுவாங்க? என் தங்கச்சியும் முழுகாம இருக்கா."