இரும்புக் கம்பெனி முதலாளி

உங்க வீட்டுக்காரர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கம்பெனி நடத்தினால் நீங்க என்ன பண்ணுவீங்க?

என் வீட்டுக்காரர் நடத்தினார். அதுவும் இரும்புக் கம்பெனி. ஈரோட்டில்.

இதில் வேடிக்கை என்னன்னா, அது அவருக்கே தெரியாது. சிவபாலன் பட்டு நெய்கிறவர். காஞ்சிபுரத்தைத் தாண்டினால் வாலாஜாபாத் வரைக்கும்தான் வழி தெரியும். சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

யாரோ ஒருத்தன் அவருடைய ஆதார், பான் கார்டை வைத்து அவர் பேரில் கம்பெனி பதிந்து, நாற்பத்து மூன்று லட்சம் ஜி.எஸ்.டி. பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டான். வரி ஆபீஸ் எங்கள் பேங்க் அக்கவுண்டை முடக்கிவிட்டது. நெசவாளர் சொசைட்டியில் கொடுக்கிற கூலி அதில்தான் விழும். விழுவது போனில் தெரியும். எடுக்கத்தான் முடியாது.

"முதலாளி, சாப்பிட வர்றீங்களா?" என்று நான் கூப்பிட ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய? அழுதால் அக்கவுண்ட் திறக்குமா?

சட்ட உதவி மையத்தில் சுகாசினி மேடத்தை வக்கீலாகக் கொடுத்தார்கள். ஃபீஸ் கிடையாது. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் போனோம்.

"பதில் குடுக்க இருபதாம் தேதி வரைக்கும்தான் டைம். கார்டு காப்பியை வாங்கிக்கினு போனவன் யாருன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். அது இருந்தாத்தான் வரி ஆபீஸ்ல பேசி அக்கவுண்டை விடுவிக்கச் சொல்ல முடியும். சிவபாலன், யார்கிட்ட குடுத்தீங்க?"

"ஞாபகம் இல்லைங்க மேடம்."

எனக்கு வந்ததே கோபம்.

"பாவுல ஆயிரக்கணக்கா இழை இருக்குது மேடம். எது அறுந்துச்சுன்னு தடவிப் பார்த்தே சொல்லுவாரு. கார்டை எவன்கிட்ட நீட்டினாருன்னு மட்டும் ஞாபகம் இல்லையாம்!"

அவர் தலையைச் சொறிந்தார். அதற்குள் பாப்பா வீல் என்று கத்த, நான் வெளியே தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது மேடம் ஃபைலை மூடி வைத்திருந்தார்.

"நான் போன் பண்றேன், போய்ட்டு வாங்க" என்றார்.

அடுத்த பத்து நாளும் இவருக்கு அர்ச்சனைதான். காலையில் காபியோடு ஒன்று. மத்தியானம் சோற்றோடு ஒன்று.

"எவன் கேட்டாலும் எடுத்து நீட்டிடறது. நானா இருந்தா கார்டைக் கண்ணுலயே காட்டியிருக்கமாட்டேன்" என்றேன், எதிர் வீட்டுப் பட்டம்மாள் அக்காவுக்கும் கேட்கிற மாதிரி.

"ஆமாமா, நீ உஷாரு" என்றார் அவர், தறியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"பேச்சைப் பாரு! அரிசி தீர்ந்துபோச்சு. ஈரோட்டுலேர்ந்து ரெண்டு லாரி இரும்பு அனுப்பச் சொல்லுங்க, வடிச்சுக் கொட்டறேன்."

எதிர் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவரும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

நேற்று, நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்துக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினார். தறிக்காரர் பகலில் வெளியே போவதே அந்த ஒரு நாள்தான். அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், மேடத்திடமிருந்து போன்.

"காவேரி, கொஞ்சம் வர்றீங்களா? நீங்க மட்டும்."

நான் மட்டும் எதற்கு? ஃபீஸ் இல்லை என்று சொல்லிவிட்டு இப்போது பொம்பளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கம்மலைக் கேட்கப் போகிறாரோ? கம்மலைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் போனேன்.

மேடம் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"அந்தக் கம்பெனியைப் பதிஞ்சப்போ குடுத்த போன் நம்பர் இது. ஓ.டி.பி. எல்லாம் இதுக்குத்தான் வந்திருக்குது. யார் நம்பர்னு தெரியுதா?"

பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

என்னுடையது.

போன ஆடி மாதம். அன்றைக்கும் இவர் சொசைட்டிக்குப் போயிருந்தார். நெசவாளர் குடும்பத்துப் பெண்களுக்கு ஐயாயிரம் உதவித்தொகை என்று டை கட்டிய ஒருத்தன் வந்தான். பீரோவிலிருந்து இவர் கார்டுகளை எடுத்துக் கொடுத்தது நான். போனில் வந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துச் சொன்னதும் நான். போகும்போது ஓர் எவர்சில்வர் டப்பா கொடுத்துவிட்டுப் போனான். இப்போது அதில் மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறேன்.

"ஆளைப் பார்த்தா அடையாளம் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன் மேடம். பட்டம்மாள் அக்காவும் பார்த்தாங்க. அவங்களுக்கும் ஒரு டப்பா."

"அப்போ சாட்சியே இருக்குது. எழுதுங்க, வழி பிறந்துடுச்சு."

வாங்கின பேனாவைத் திரும்ப மேஜைமேல் வைத்தேன்.

"மேடம், இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பத்து நாளா நான் பேசின பேச்சுக்கு..."

மேடம் சிரித்துவிட்டார்.

"நான் எங்கேம்மா சொல்றது? அன்னைக்கு நீங்க பாப்பாவை வெளியே தூக்கிக்கினு போனப்பவே இந்தத் தாளைப் பார்த்துட்டாரு. நான்தான் குடுத்தேன்னு எழுதிக்குங்க மேடம்னாரு. பொய் எழுத முடியாதுப்பா, அவங்களைத்தான் கேட்கணும்னேன். அப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. இன்னைக்குத் தெருமுனையிலேர்ந்து போன் பண்ணி மறுபடியும் அதையேதான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"'அவ மூஞ்சி சுண்டிப்போச்சுன்னா எங்க வீட்டுல சத்தமே இருக்காது மேடம். நான் புடவை குடுக்கப் போற நேரமாப் பார்த்துக் கூப்பிட்டுக் கேளுங்க. என் எதிர்ல கேட்டுடாதீங்க.'"