காருக்குத் தெரியாத சைக்கிள்

சைக்கிள் பந்தயத்தின் கொல்லிமலை இறக்கத்தில் மகிழினிதான் முதலில் போய்க்கொண்டிருந்தாள். முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளால் படுத்தபடி மிதிக்கும் சைக்கிளைத்தான் ஓட்ட முடியும். பந்தயத்தை நடத்தும் சங்கம் அதை அரைமனதாக அனுமதித்திருந்தது. ஆனால் வீரர்களோடு கூடவே வரும் ஓட்டுநரில்லாத தானியங்கிக் கார்களுக்கு அந்த வடிவத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டது.

பின்னால் ஒரு கார் வேகம் குறையாமல் நெருங்கியது.

“அக்கா, அதோட கண்ணுக்கு நீங்க தெரியல! எந்திரிச்சு உக்காருங்க!” காதுக்கருவியில் மெக்கானிக் சுந்தரவேல் அலறினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகில் ஏதோ பிசகியது. உட்கார்ந்த உருவத்தைக் கண்டுகொண்டு, உரசும் தூரத்தில் கார் வேகம் தணிந்தது. அந்தத் தடுமாற்றத்தில் ஐந்து பேர் அவளைக் கடந்து போனார்கள்.

எல்லைக்கோட்டில், சைக்கிளைவிட்டு இறங்க முடியாமல் கிடந்தவளிடம் சங்க அதிகாரி குனிந்தார்.

“பாத்தீங்களாம்மா? ஒழுங்கா உக்காந்தா கார் தன்னால நிக்குது.”