பிரேமில் ஒரு வெட்டு

ஹிஷாம் அறைந்த அறையில் இராசதுரைக்குக் கொஞ்ச நேரம் காதே கேட்கவில்லை.

"கள்ள நாய்! என்ட கடையிலயே கை வெச்சுப்போட்டியா? போடா! இனி இந்தப் பக்கம் கண்டா காலை ஒடிச்சுப்போடுவன்!"

செக்பொயின்ட்டில் நின்ற சிப்பாய்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவன் இராசதுரையின் ஊரான பாண்டிருப்புப் பக்கம் கையைக் காட்டினான். போ என்று அர்த்தம்.

இராசதுரை போனான். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, கன்னத்தைப் பொத்திக்கொண்டு நடந்தே போனான்.

அது அவனுடைய சொந்தச் சைக்கிள். அதை அவனுக்கு விற்றவரே ஹிஷாம்தான்.

சுனாமியில் ஹிஷாமின் சைக்கிள் கடையைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. மருதமுனையில் அவர் புதுக் கடை போட்டபோது கதவும் தட்டும் செய்து கொடுத்த தச்சன் இராசதுரை. அன்றிலிருந்து அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான். பழைய ஜப்பான் சைக்கிள்கள் வந்து இறங்கியபோது, ஹிஷாம் அவனுக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

"இதுக்குச் செயின் இல்ல தம்பி, பெல்ட். கடல் காத்துக்குத் துருப் பிடியாது. எண்ணெய் வேணாம். சாரத்தில கறையும் படாது."

பின்சில்லுக்குப் பக்கத்தில் பிரேம் குழாய் ஒன்று வெட்டுப்பட்டு, போல்ட் போட்டுப் பூட்டியிருந்தது.

"உடைஞ்ச சைக்கிளா காக்கா?"

"இல்லடா. செயின் எண்டா ஒரு கண்ணியக் கழட்டிப் பூட்டலாம். பெல்ட் ஒரே வளையம், கழட்டேலாது. அது உள்ள போக வழி வேணுமே? அதான் பிரேமை வெட்டி வெச்சிருக்கானுகள். பாரம் மட்டும் கூடுதலா ஏத்தாத. பிரேம் வளைஞ்சா பெல்ட் பல்லைத் தாண்டிரும்."

அந்த வெட்டைத்தான் இன்றைக்குச் சிப்பாய் கண்டுவிட்டான்.

யுத்தம் முடியப்போகுது என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்த நேரம். கெடுபிடியும் கூடியிருந்தது. சிப்பாய் குழாயைத் தட்டிப் பார்த்தான். போல்ட்டைத் தடவிப் பார்த்தான். உள்ளே எதை ஒளித்து வைத்திருக்கிறாய் என்பதுபோல முறைத்தான். இராசதுரைக்குச் சிங்களம் வராது. "பெல்ட், பெல்ட்" என்று தொட்டுத் தொட்டுக் காட்டினான். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது.

அப்போதுதான் கல்முனைக்குப் போன ஹிஷாம் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார். இராசதுரைக்குப் போன உயிர் வந்தது. காக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

அவர் சிப்பாய்களோடு கதைத்ததில் இவனுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். ஹொரா. கள்ளன்.

அதற்குப் பிறகுதான் அந்த அறை.

வீட்டில் கனகேஸ்வரி கொதித்துப்போனாள்.

"அவர் வித்த சைக்கிள்தானே? பிறகென்னெண்டு உங்களக் கள்ளனெண்டு சொல்லுவார்?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். தான் வித்ததெண்டு தெரிஞ்சா தனக்கும் வில்லங்கம் எண்டு பயந்திட்டார். தப்புறதுக்கு உங்களத் தள்ளி விட்டுட்டார்."

இராசதுரைக்கும் அப்படித்தான் பட்டது. போட்ட சோறு அப்படியே இருந்தது. ஊர் பார்க்க வாங்கிய அறைகூடப் பெரிதில்லை. அந்தச் சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை.

காலையில் எழும்பினான். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடவேண்டும். செக்பொயின்ட்டைத் தவிர்த்து, கடற்கரை மணலில் நடந்து மருதமுனைக்குப் போனான்.

கடை பூட்டியிருந்தது. பின்னால் வீட்டு வாசலில் ஹிஷாமின் மனைவி றபீக்கா நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"காக்கா எங்க றாத்தா?" குரலைத் தணிக்காமலே கேட்டான்.

"நேத்து செக்பொயின்ட்டுல அவர மறிச்சிட்டாங்க தம்பி. இன்னும் விடல்ல. முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்களாம்."

"காக்காவையா? என்னத்துக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? அல்லாஹ்தான் அவரக் காப்பாத்தணும்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கைக்குள் ஹிஷாம் வந்தார். தோளில் சைக்கிள் பிரேம். ஒரு கையில் சில்லு. கழுத்தில் மாலை மாதிரி அந்தப் பெல்ட். கண் இரண்டும் சிவந்திருந்தன. பிரேமைச் சுவரில் சாத்திவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். றபீக்கா தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"கழட்டிக் காட்டி, பூட்டிக் காட்டி, திரும்பவும் கழட்டி... குழாய்க்குள்ள ஒண்டுமில்லயெண்டு அவங்கட பெரியவன் நம்புறதுக்குள்ள விடிஞ்சிட்டு," என்றார். "இண்டைக்கு நடந்தே வேலைக்குப் போ தம்பி. பின்னேரம் பூட்டித் தாறன்."

இராசதுரைக்குக் கோபமும் போகவில்லை, ஒன்றும் விளங்கவுமில்லை.

"நீங்க வித்தீங்க, நான் வாங்கினன். உள்ளதச் சொல்லியிருக்கலாமே காக்கா? என்னை ஏன் கள்ளனெண்டு சொன்னீங்க?"

ஹிஷாம் அவன் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

"கள்ளனெண்டா அடிச்சுத் துரத்திருவாங்க தம்பி. சைக்கிளுக்குச் சொந்தக்காரனத்தான் உள்ள கொண்டு போவாங்க."