தாய்மொழியில் லீவு

பாஞ்சாலிக்கு அந்தத் தமிழ்த் திரை பிடிக்கவில்லை. உமேஷ் அதைத் திறந்து காட்டிய முதல் நாளே, இங்கிலீஷிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

பொம்மனஹள்ளியில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஃபாக்டரி அது. வருகையும் லீவும் பதிகிற டைம் ஆபீஸில் பாஞ்சாலி கிளார்க். லீவு வேண்டுமென்றால் தையல் பிரிவுப் பெண்கள் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில், கம்பெனி வெப்சைட்டைத் திறந்து கேட்க வேண்டும் என்று 2006இல் புது ஏற்பாடு வந்திருந்தது. வெப்சைட் முழுக்க இங்கிலீஷ். அதனால் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் பாஞ்சாலியின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அவள் ஒவ்வொருத்தியையும் விசாரித்துத் தானே தட்டிக் கொடுத்தாள்.

அந்த வெப்சைட்டில் கன்னடத்தையும் தமிழையும் சேர்க்கத்தான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி உமேஷை அனுப்பியிருந்தது. தமிழர்கள் நிறைய இருக்கும் ஸ்ரீராம்புரத்துப் பையன். தனியாக அவனை நம்பி விட்ட முதல் வேலை. கன்னடத்தை அவன் ஆபீஸில் கூட வேலை செய்யும் மமதா எழுதிக் கொடுத்தாள். தமிழ் முழுக்க அவனுடையது. 'விடுப்பு' என்று போடுவதா, 'லீவு' என்று போடுவதா என்று அரை நாள் யோசித்து, வீட்டில் பேசுகிற மாதிரி 'லீவு' என்றே போட்டான். முதலில் திரையில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்து உயிரை வாங்கியது. ஒருவழியாக 'உங்களுக்கு எந்தத் தேதியில் லீவு வேண்டும்?' என்று திரையில் முழுசாக வந்தபோது, பக்கத்து சீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

அதைத்தான் பாஞ்சாலி வேண்டாம் என்கிறாள்.

மேனேஜர் சீனிவாசராகவன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பாஞ்சாலிக்கு எல்லாரும் தன்னிடம் வந்து நிற்க வேண்டுமாம். அவரவர் வேலையை அவரவரே பார்த்துக்கொண்டால் அவளை யார் மதிப்பார்கள்? உமேஷுக்கும் அப்படித்தான் பட்டது. ஒருத்தி அவளுக்கு மல்லிகைப்பூ கொண்டுவந்து கொடுக்கிறாள். இன்னொருத்தி டப்பாவில் சித்ரான்னம். இதையெல்லாம் யார்தான் விட மனசு வைப்பார்கள்?

புது வெப்சைட்டைத் தொடங்கி வைத்த அன்று மத்தியானம் இளம்பெண்கள் சிரித்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் கன்னடம், இன்னொன்றைத் தட்டினால் தமிழ். உமேஷுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேனேஜருக்கும் சந்தோஷம். ஓரமாக நின்றிருந்த சாந்தகுமாரியை அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். காலர் தைக்கிறவள், நடு வயசு. எல்லாம் உங்கள் பாஷையிலேயே இருக்கிறது, நீங்களே போடலாம் என்றார்.

சாந்தகுமாரி மௌஸின் மேல் கையை வைத்தாள். கை நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் வியர்த்தது.

"சாந்தா, எழுந்திரு அங்கேருந்து" என்றாள் பாஞ்சாலி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. "மிஷின் எண்ணெய்க் கையோட கம்ப்யூட்டரைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இப்படி வா. நான் போட்டுத் தரேன்."

சாந்தகுமாரி தலையைக் குனிந்தபடி எழுந்து போனாள். மேனேஜரின் முகம் இறுகியது. வெளியே வந்ததும், திங்கட்கிழமையிலிருந்து பாஞ்சாலியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடப் போவதாக உமேஷிடம் சொன்னார். தப்பில்லை என்றுதான் அவனுக்கும் தோன்றியது.

பெண்கள் கலைந்து போகும்வரை காத்திருந்து பாஞ்சாலியிடம் போனான்.

"அவங்க கையில எண்ணெயே இல்லக்கா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் எல்லார் எதிர்லயும் அவங்களை அப்படிச் சொன்னீங்க?"

பாஞ்சாலி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இங்கிலீஷ் தெரியலைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தம்பி. இங்க யாருக்குத் தெரியும்? கூட்டத்தோட கூட்டமா என்கிட்ட வந்து நிப்பா. நீ இப்ப தமிழ்ல போட்டுட்ட. தமிழும் படிக்கத் தெரியாதுன்னு அவ எந்த வாயால சொல்லுவா?"

"மேனேஜர் உங்களைப் பேக்கிங்குக்கு மாத்தப் போறாராம்க்கா" என்றான் உமேஷ்.

"எட்டாவது பாஸுன்னு சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தா. இவளை மாதிரி இன்னும் நாலஞ்சு பேர் இருக்காங்க. நான் பேக்கிங்குக்குப் போறது பெரிசில்ல. இந்த நாற்காலியில வேற யாராவது வந்து உட்கார்ந்து, உன் பாஷைதானே, நீயே படின்னு சொன்னா, அன்னிக்கே இவங்க வேலை போயிடும்."

உமேஷ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தத் திரையை இன்னொரு தடவை படித்தான். 'உங்களுக்கு எந்தத் தேதியில் லீவு வேண்டும்?' ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது.

பிறகு எழுந்து மேனேஜர் அறைக்குப் போனான். தமிழில் நிறையத் தப்பு இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன் என்றான். படிக்கிறவர்களுக்கே குழப்பமாகும், லீவு மாறிப் பதிவாகிவிடும். அதனால் தட்டுகிறவர்கள் பக்கத்தில், எல்லாம் தெரிந்த ஒருத்தர் உட்கார்ந்தே ஆக வேண்டும். பாஞ்சாலி அக்காவை மாற்றிவிட்டால் கஷ்டம்.

சீனிவாசராகவன் எரிச்சலோடு நிமிர்ந்தார். இதையெல்லாம் எப்போது சரி செய்து முடிப்பீர்கள் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றான்.

"தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆளுன்னு சொல்லித்தானே உங்களை அனுப்பினாங்க?"

உமேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"சும்மா சொல்லி வச்சேன் சார். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சரியா வராது."