இடது கை கீபோர்டு

திருநகர் மாடியறையில் மாலை வெயில் கம்ப்யூட்டர் திரையின் மேல் சாய்ந்திருக்கிறது. சூரியபிரகாஷ் நான்கு வருடமாகக் காத்திருந்த கேமின் டிரெய்லர் முடிந்து, 'கன்சோலில் மட்டும்' என்ற வரி நிற்கிறது; கம்ப்யூட்டரில் வராது. உனக்கில்லை என்பதை எவ்வளவு அழகான எழுத்தில் சொல்கிறார்கள். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என் கன்சோலயே கொண்டாந்துட்டேன் மாப்ள," என்று முத்துப்பாண்டி பையிலிருந்து கன்ட்ரோலரை எடுத்து நீட்டுகிறான். சூரியபிரகாஷ் இடது கையால் வாங்குகிறான். விபத்துக்குப் பின் மணிக்கட்டோடு முடிந்துவிட்ட வலது கை மடியில் இருக்கிறது. மேசையில், ஒரே கையால் ஆடுவதற்காக அவனே பட்டன்களை மாற்றி அமைத்த கீபோர்டு எழுத்தெல்லாம் தேய்ந்து கிடக்கிறது. கன்ட்ரோலரின் இடப்பக்கக் குமிழை அவன் கட்டைவிரல் சுழற்றிப் பார்க்கிறது. வலப்பக்கப் பட்டன்களின் மேல் வெயில் மட்டும் படுகிறது. "இதுக்கு ரெண்டு கை வேணும்ல மாப்ள," என்கிறான் சூரியபிரகாஷ். முத்துப்பாண்டி தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான்.