சொல்லிட்டுப் போங்க

கருமாதிச் சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வரவேண்டியதாகிவிடும். முகத்தைப் பார்க்காமல் நழுவிவிடுவார்கள். புருஷனைப் பறிகொடுத்த குணவதி மூலையிலிருந்து விறுவிறுவென்று எழுந்து போய், வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றி வழியை மறித்து நின்றாள். "போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. சொல்லாம ஒருத்தரும் படி தாண்டக் கூடாது." நாத்தனார் பதறிப்போனாள். "அப்படிச் சொன்னா ஆகாது தாயி." குணவதி அசையவில்லை. "சொல்லாமக் கொள்ளாமப் போனவரு ஒருத்தரு போதும் மதினி, இந்த வீட்டுக்கு." கூட்டம் கூடத்திலேயே தேங்கி நின்றது. பின்வாசல் எந்தப் பக்கம் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அப்போது எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓரகத்தி தனபாக்கியம் முன்னால் வந்தாள். கிணற்றுத் தண்ணீரில் பங்கு கேட்டு மூண்ட சண்டையில், குணவதியோடு வருஷக்கணக்காக முகங்கொடுத்துப் பேசாதவள். "வழிய விடு," என்றாள். "சொல்லு, விடுறேன்." தனபாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "நாளைக்கு வர்றேன்டி. நம்ம சண்டை பாதியில கிடக்கு." ஓர் ஆள் நுழைந்து போகும் அளவுக்கு, குணவதி ஒரு கையை மட்டும் நிலையிலிருந்து எடுத்தாள். "விடிஞ்சதும் வா," என்றாள், அடுத்து நின்றவரின் முகத்தைப் பார்த்தபடி.